வற்றிய கண்மாயும் பாலாமையும்

சென்ற வைகாசியில் எங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து வயலுக்குக் கரம்பை மண் அடித்துக்கொண்டிருந்தோம். சிவகங்கைச் சீமையில் கோடைதோறும் நடக்கிற வேலைதான் அது: கண்மாய் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்த பின், அடியில் படிந்த வண்டலை வெட்டி டிராக்டரில் ஏற்றி வந்து வயலில் கொட்டுவோம், ஆடியில் உழும்போது அது மண்ணோடு கலந்து உரமாகிவிடும். மூன்றாவது நடையைக் கொட்டியபோது, உருண்டு வந்த கட்டிகளுள் ஒன்று மட்டும் உடையாமல், சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல் வரப்போரம் கிடந்தது. காலால் புரட்டப் போனவன், அதன் விளிம்பு மெல்லச் சுருங்குவதைக் கண்டு நின்றுவிட்டேன். குனிந்து மண்ணை வழித்தபோது உள்ளே ஒரு பாலாமை இருந்தது.

சிறு வயதில் கண்மாயில் மீன் பிடிக்கும்போது பாலாமையைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்றாலும், அன்றுதான் அதை நிதானமாகக் கையில் ஏந்திப் பார்த்தேன். மற்ற ஆமைகளின் ஓட்டில் காணும் கட்டங்கள் இதன் முதுகில் இல்லை. ஊறவைத்த செருப்புத் தோலைத் தொடுவது போன்ற வழவழப்பு. நடுவில் அழுத்தினால் எலும்பு தட்டுப்படுகிறது, ஓரத்தில் அழுத்தினால் காது மடலைப் போல் வளைகிறது. முதுகு பாசி ஏறிய பழுப்பு. புரட்டினால் வயிற்றுப்புறம் பால் நிறம். தலை, முன்னங்கால்கள், பின்னங்கால்கள், வால் எதுவும் வெளியில் இல்லை. பின்புறம் தொடைகள் இருக்க வேண்டிய இடத்தில், சட்டைப்பையின் மூடியைப் போன்ற இரண்டு தோல் மடிப்புகள் இறுக மூடியிருந்தன. அவற்றின் இடுக்கில் ஈரமான சேறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. கண்மாய்த் தரையில் நீர் வற்றி ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சேற்றின் ஈரம் எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த மடிப்புகளிலிருந்தே இந்த விலங்கின் கதையைத் தொடங்கலாம். உலகில் மென்னோட்டு ஆமைகள் ஒரு தனிக் குடும்பம். காலுக்கு ஐந்து விரல்கள் இருந்தாலும் மூன்றில் மட்டுமே நகம் இருப்பதால், 'மூன்று நகம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ட்ரையோனிக்கிடே என்று பெயர் வைத்தார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் குடும்பம் இது. பிற ஆமைகளில் பெரும்பாலானவற்றின் ஓட்டின்மேல் நகத்திலும் கொம்பிலும் இருக்கிற கெரட்டினால் ஆன செதில்கள் பரவியிருக்கும். மென்னோட்டு ஆமைகள் அந்தச் செதில்களை அடியோடு இழந்து, எலும்பையும் பெருமளவு குறைத்துக்கொண்டு, அதன்மேல் தோலைப் போர்த்திக்கொண்டவை. அதனால் உடல் தட்டையாகவும் எடை குறைவாகவும் ஆகிறது. மணலிலோ சேற்றிலோ நொடியில் புதைந்துகொள்ள முடிகிறது. நீரில் மற்ற ஆமைகளை விட விரைவாக நீந்த முடிகிறது. ஆனால், கவசம் போய்விடுகிறது. பெரும்பாலான மென்னோட்டு ஆமைகளால் தம் கால்களை முழுமையாக உள்ளிழுத்து மறைத்துக்கொள்ள இயலாது. அதனால்தான் அவை ஓடுகின்றன, அல்லது நீண்ட கழுத்தை வீசிக் கடிக்கின்றன.

பாலாமை இந்த இழப்பை வேறு விதமாக ஈடுகட்டிக்கொண்டது. அடிப்பகுதி ஓட்டின் முன்பாகம் சற்று மேலெழுந்து தலையையும் முன்னங்கால்களையும் அடைத்துக்கொள்ளும். பின்பாகத்தில் உள்ள இரண்டு தோல் மடிப்புகளும் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும். இப்படிப் பின்னங்கால்களுக்கு மூடி வைத்துக்கொண்ட மென்னோட்டு ஆமைகள் உலகத்தில் மூன்றே பேரினங்கள்தாம். இரண்டு ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே வாழ்கின்றன. மூன்றாவது நம் பாலாமையின் பேரினமான லிசெமிஸ். தமிழில் புலனடக்கத்துக்கு ஆமையைத்தான் உவமை சொல்வோம். குளத்தில் வாழும் மென்னோட்டு ஆமைகளில் அந்த உவமைக்கு முழுத் தகுதி உடையது பாலாமைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் பாலாமை, மலையாளத்தில் வெள்ளாமை, சிங்களத்தில் கிரி இப்பா, அதாவது பால் ஆமை. மூன்று மொழிக்காரர்களும் அதைப் புரட்டிப் பார்த்து வயிற்றின் நிறத்தைக் கொண்டே பெயரிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அறிவியல் பெயர் லிசெமிஸ் பங்டேட்டா. 1789இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பொன்னத்தேர் வழங்கிய பெயர் இது. இந்தப் பெயருக்கு அடிப்படையான மாதிரி ஆமை கிடைத்த இடமாகப் பின்னர் வரையறுக்கப்பட்டது நம் புதுச்சேரிதான். பங்டேட்டா என்றால் புள்ளியுள்ளது என்று பொருள். ஆனால், தென்னிந்தியாவில் வாழும் வகைக்கு முதுகில் புள்ளியே கிடையாது. சிந்து, கங்கைச் சமவெளிகளில் வாழும் வகைக்குத்தான் தலையிலும் முதுகிலும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. இலங்கையில் இருப்பதை முன்பு இதன் ஒரு பிரிவாக எண்ணினார்கள். இப்போது லிசெமிஸ் சிலோனென்சிஸ் என்ற தனி இனமாகக் கொள்கிறார்கள். மியான்மரில் இருப்பதும் தனி இனம்தான்.

நன்கு வளர்ந்த பாலாமையின் ஓடு ஓர் அடியை ஒட்டி வரும். பெண் பெரியது, ஆணுக்கு வால் நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும். மூக்கு சிறு குழாய் போல் முன்னால் நீண்டிருப்பதால், உடல் முழுவதையும் நீருக்கடியில் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்க முடியும். கண்மாயில் காலை நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், அல்லிக் கொடிகளுக்கு நடுவே நீர்மட்டத்தில் இரண்டு துளைகளோடு ஒரு சிறு முனை எழுந்து, ஒரு கணம் நின்று, வட்ட அலை கூட எழாமல் மறைவதைப் பார்க்கலாம். தவளை, நத்தை, இறால், மீன், செத்த விலங்கின் உடல், நீர்த்தாவரங்களின் இலை, பூ, விதை என்று எல்லாவற்றையும் தின்னும். தசைப்பற்றுள்ள உதடு மறைத்துக்கொண்டிருந்தாலும் உள்ளே தாடை கூர்மையானது. ஆனாலும் கையில் எடுத்தால் கடிப்பதை விட ஒடுங்குவதையே அது விரும்பும். நான் பார்த்தவரையில் மிகப் பெரியவைதான் கடிக்க வரும்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, பங்குனி சித்திரையில் வற்றிவிடும். ஆற்றில் வாழும் ஆமைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எவ்வளவு கோடையானாலும் எங்காவது ஒரு மடு மிஞ்சியிருக்கும். ஆண்டின் சரிபாதி நாட்கள் காணாமல் போகிற நீரை நம்பி, கசியும் தோலைப் போர்த்திக்கொண்ட ஒரு விலங்கு எப்படி வாழ்கிறது என்பதுதான் பாலாமையைப் பற்றிய முதன்மையான கேள்வி. அதற்கு விடை சேறு. நீர் குறையக் குறைய அது ஆழமான இடத்தை நோக்கி நகர்கிறது; சில வேளைகளில் இரவில் கரையேறி அடுத்த நீர்நிலையைத் தேடி நடக்கிறது; இரண்டும் இயலாதபோது சேற்றுக்குள் புதைந்து உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு கோடை உறக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறது.

இந்த உறக்கத்தில் தெற்கத்தி ஆமைக்கும் வடக்கத்தி ஆமைக்கும் வேறுபாடு இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். புள்ளியில்லாத தெற்கத்தி வகை இருந்த இடத்திலேயே நேர்கீழாகத் தோண்டி இறங்கிவிடும். மஞ்சள் புள்ளி உள்ள வடக்கத்தி வகை புதர், நிழல் போன்ற ஒதுக்கிடங்களுக்குச் சென்று தங்கி, இடையிடையே குளத்துக்கு வந்து போகும். வறட்சியை அதிக நாள் தாங்குவது தெற்கத்தி வகைதான். உடலில் சேமித்த கொழுப்பு, இரத்தத்திலும் சிறுநீர்ப்பையிலும் உள்ள சோடியத்தின் அளவு, கழிவை வெளியேற்றும் முறை ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கழிவை யூரியாவாக வெளியேற்ற நிறைய நீர் வேண்டும்; யூரிக் அமிலமாக மாற்றிவிட்டால் அது நீரில் எளிதில் கரையாது, ஆகையால் மிகக் குறைந்த நீரே போதும். பாலாமையின் உடலில் உறக்க நாட்கள் கூடக்கூட யூரிக் அமிலத்தின் பங்கு கூடுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சீன மென்னோட்டு ஆமை முற்றிலும் வேறொரு வழியைக் கண்டிருக்கிறது: அது யூரியாவின் பெரும்பகுதியைச் சிறுநீர் வழியே வெளியேற்றாமல் வாய் வழியே வெளியேற்றுகிறது என்பதை 2012இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிலத்தில் இருக்கும்போது கூடத் தேங்கிய நீரில் தலையை முக்கி வாயைக் கொப்பளித்துக் கழிவைக் கழுவிவிடுமாம்.

பாலாமை இப்படி உறங்கி 160 நாட்கள்வரை உயிர்தாங்கியதாகப் பதிவு உண்டு. இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து நான் எங்கள் கண்மாயின் நாட்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை தொடக்கத்தில் வற்றி ஐப்பசியில் நீர் வருகிறது என்றால் 180 நாளுக்கு மேல் ஆகிறது. அப்படியானால் நடுவில் பெய்யும் ஒரு கோடை மழை, ஆவணியில் வரும் இடிமழை, மடைக்குழியில் மிஞ்சியிருக்கும் முழங்கால் அளவுக் கலங்கல் நீர் ஆகியவைதாம் அந்த இடைவெளியை அடைத்து ஆமைகளைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. கடும் வறட்சி நீடித்தால் பெரும்பாலானவை இறந்துவிடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஆண்டு முழுவதும் கண்மாய் காய்ந்து கிடந்தபோது, வெடிப்புகளுக்கிடையில் வெளுத்த ஓட்டெலும்புகளை நானே பொறுக்கியிருக்கிறேன். அவற்றின் மேற்பரப்பு பொரித்த அப்பளம் போல் சின்னஞ்சிறு மேடும் பள்ளமுமாக இருந்தது. தோலுக்கு அடியில் இவ்வளவு அழகான எலும்பு இருப்பதை உயிருள்ள ஆமை காட்டுவதில்லை.

இனப்பெருக்கம் மழையோடு பிணைந்தது. பெண் ஆமை கரைச்சரிவில் வெயில் நன்றாகப் படும் மண்ணைப் பின்னங்கால்களால் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஒரு முறைக்கு இரண்டிலிருந்து பதினான்கு முட்டைகள்; ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இடும். முட்டை உருண்டையானது, கடலாமையின் முட்டையைப் போல் தொய்வாக இல்லாமல், ஓடு கெட்டியாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்குக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. மென்னோட்டு ஆமைக் குடும்பத்தில் அதைத் தாயிடமிருந்து வரும் குரோமோசோமே முடிவு செய்துவிடுகிறது. வெப்பம் ஏறிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் அது ஒரு சிறு பாதுகாப்பு என்றே எனக்குப் படுகிறது. மீன் பார்த்துக் குஞ்சு பொரிக்கும், ஆமை நினைத்துக் குஞ்சு பொரிக்கும், பறவை தழுவிக் குஞ்சு பொரிக்கும் என்று குருவருளுக்கு உவமை சொல்வதை என் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்தேன். முட்டையை மண்ணில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் தாயின் குஞ்சு எப்படிப் பிழைக்கிறது என்று வியந்தவர்கள் அதற்குக் கண்ட விடை அது. உண்மையில் முட்டையைப் பொரிக்க வைப்பது வெயிலும் மழையும் சேர்ந்த மண்தான். கீரி, உடும்பு, நாய் எல்லாம் தோண்டித் தின்றது போக மிஞ்சுகிற குஞ்சுகள், இளகிய மண்ணைக் கீறிக்கொண்டு வெளியேறி நீரைத் தேடிப் போகின்றன.

மனிதர்களோடு அதற்குள்ள உறவு எங்கள் பகுதியில் விந்தையானது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொல்லி வாசலில் கண்டால் விரட்டுகிறவர்களே, நீர் சுத்தமாக இருக்கும் என்று அதைப் பிடித்துக் கிணற்றில் விடுவார்கள். அன்று வயலில் என் சித்தப்பாவும் அதைத்தான் சொன்னார்: "கெணத்துல விட்ருப்பா, தண்ணி பாசி புடிக்காம இருக்கும்." அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால், செங்குத்தான கிணற்றுச் சுவரில் ஏற முடியாத ஆமைக்கு முட்டையிடக் கரை கிடையாது, இணை தேடிப் போக வழி கிடையாது. எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தாலும் அதன் வம்சம் அந்தக் கிணற்றோடு நின்றுவிடும். ஊருணிகளைச் சுற்றிலும் சிமெண்டுச் சுவர் எழுப்புவதிலும் இதே தீங்கு இருக்கிறது. அழகுக்காகவும் பாதுகாப்புக்காகவும் கட்டுகிறார்கள். மண்சரிவு ஒரு பக்கமாவது இல்லாவிட்டால் அந்த ஊருணி ஆமைக்குக் கிணறுதான்.

இறைச்சிக்காகப் பிடிப்பது எங்கள் ஊரில் குறைந்துவிட்டது. மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடைக்குள் கைவிட்டு மீனென்று நினைத்து ஆமையைத் தூக்குகிறவர்கள் இப்போது பெரும்பாலும் திருப்பி விட்டுவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பைப் பெற்றிருக்கும் விலங்கு இது என்று சொன்னால் கேட்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். வடக்கே நிலைமை கொடியது. கங்கைச் சமவெளியிலிருந்து கிழக்கு நோக்கிக் கடத்தப்படும் ஆமைகளில் பெரும்பங்கு இந்த இனம்தான். 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஒரே சோதனையில் 6,400க்கும் மேற்பட்ட ஆமைகள் சாக்கு மூட்டைகளில் பிடிபட்டன. அத்தனை ஆமைகள் எத்தனை குளங்களைக் காலி செய்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. எங்கும் காணக் கிடைக்கிறதே என்று அலட்சியமாக இருந்த இந்த இனத்தை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்போது அழிவுக்கு இலக்காகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. காவிரியிலும் பவானியிலும் மோயாற்றிலும் வாழும் இதன் பெரிய உறவினரான லெய்த் மென்னோட்டு ஆமையின் நிலை இன்னும் மோசம். அது அழிவின் விளிம்பிலேயே இருக்கிறது. 2022இல் பனாமாவில் நடந்த பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்த (CITES) மாநாட்டில், இந்தியாவின் முயற்சியால் அதன் பன்னாட்டு வணிகம் அடியோடு தடை செய்யப்பட்டது.

வயலில் கிடந்த ஆமையிடம் திரும்புகிறேன். அதன் வலப்புற விளிம்பில் பொக்லைன் பல் பட்டு இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. குருதி அதிகம் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். வெட்டிய குழியின் சுவரில் அது இருந்த பொந்து அப்படியே தெரிந்தது. முழங்கை ஆழத்தில், ஆமையின் அகலத்துக்குச் சரியாக, மேலிருந்து நேர்கீழாக இறங்கியிருந்தது. உட்புறம் வழித்துப் பூசியது போல் வழுவழுப்பாக இருந்தது. கைவிட்டுப் பார்த்தால் குளிர்ந்தது. தெற்கத்தி வகை நேர்கீழாகத் தோண்டும் என்று படித்திருந்ததைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அந்தக் குழி அடுத்த நடைக்குப் போய்விடும் என்பதால், மடைக்குழிக்குப் பக்கத்தில் கருவேல நிழலில் இன்னும் இளகியிருந்த சேற்றில் அதை வைத்தேன்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்கம் மெல்லத் திறந்து குழாய் மூக்கு மட்டும் வெளியே வந்தது. அதன்பின் மஞ்சள் கலந்த சிறு கண்கள். கழுத்து ஒரு சாண் நீண்டு, நான் இருந்த பக்கம் திரும்பி நின்றது. பின் தலையைச் சேற்றில் குத்தி, முன்னங்கால்களால் மண்ணை இரு பக்கமும் தள்ளித் தள்ளி, உடலை இடமும் வலமும் அசைத்து இறங்கத் தொடங்கியது. கடைசியாக உள்ளே போனவை அந்தப் பின்னங்கால்கள். போகும்போது இரண்டு மடிப்புகளும் கதவு சாத்துவது போல் மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

கரம்பை எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வண்டலை எடுக்காவிட்டால் கண்மாய் மேடாகிவிடும், ஆமைக்கும் நீர் இருக்காது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: மடையை ஒட்டிய ஆழப்பகுதியில், உள்வாயில் ஓர் ஏக்கர் அளவை வெட்டாமல் விட்டுவிட்டு, மற்ற இடங்களை ஆண்டுக்கு ஒரு பக்கமாக வெட்டலாம். பெரியவர்கள் சிலர் உடனே ஒப்புக்கொண்டார்கள், மீன்குஞ்சும் அங்கேதான் தங்கும் என்று. இந்த ஆண்டு அப்படியே நடந்தது. பொக்லைன் ஓட்டிய தம்பியிடம் வட்டமான கட்டி எது வந்தாலும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஆறு நாள் வேலையில் நான்கு ஆமைகள் வந்தன. ஒன்றின் வலப்புற விளிம்பில் ஆறிய தழும்பு ஒன்று இருந்தது.